பூட்ஸ் கடித்த வீக்கம்: ஒரு லயத்துக்குள் ஓடிய கொலஸ்ட்ரோல்

தோட்டத்து லயம் ஒன்றில், அதாவது வரிசை வீடுகளில், வாழும் ஒரு குடும்பத்தை மருத்துவனாக நான் பார்த்த கதை இது. பெயர்கள் இதில் வராது. தோட்டத்தின் பெயரும் வராது, வயதுகளிலும் சில அடையாளங்களிலும் கொஞ்சம் கை வைத்திருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடிதான், என் தவறுகள் உட்பட.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது செடியைத் தறித்துவிடுகிறவர், அவர். 38 வயது, 51 கிலோ. சாய்வான மலையில் காலை முழுக்கக் கத்தி வீசுகிற உடம்பு, கையில் காலில் நரம்பு தெரியும், வயிறு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நெஞ்செரிச்சல் என்று முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் அசிடிட்டி மாத்திரை வாங்கியிருக்கிறார். பத்து நாள் கழித்து எங்கள் வெளிநோயாளர் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அன்று அவரைப் பார்த்தவன் நான்தான். "ரொட்டி செமிக்க மாட்டேங்குதுங்க சேர், மலை ஏறுனா நடு நெஞ்சுல வந்து நிக்குது" என்றார். மலை ஏறினால் என்று அந்த மனிதர் சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் தலைக்குள் போகவில்லை. வெளியே இன்னும் நூறு பேர் காத்திருந்தார்கள், எதிரில் இருப்பவரோ ஒல்லியான ஆள். ஒமெப்ரசோல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஈ.சி.ஜி எடுக்கவில்லை.

மூன்றாம் தடவை அவரை விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இதயத்தின் முன்சுவர் முழுக்க அடிபட்ட மாரடைப்பு, ஈ.சி.ஜி தாளில் யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டோம், வலி இறங்கியது, உயிர் தங்கியது. அடுத்த வாரம் கண்டியில் அஞ்சியோகிராம் செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு அந்த ஒரு குழாயோடு நிற்கவில்லை, மற்ற இரண்டிலும் அங்கங்கே படிவு. 38 வயதில் 70 வயதுக் குழாய்.

லொறியில் வந்த மறுநாள் காலை எங்கள் வார்டில் அவருடைய போர்வையை விலக்கியபோதுதான் குதிகாலைப் பார்த்தேன். கணுக்காலுக்குப் பின்னால் குதியோடு சேருகிற தடித்த நாண் ஒரு விரல் பருமன் இருக்க வேண்டும், இவருக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்துக் கட்டியதுபோலப் புடைத்திருந்தது. அழுத்தினால் கல் மாதிரி, வலி இல்லை. கேட்டால், "அது பூட்ஸ் கடிச்சதுங்க சேர், பதினஞ்சு வருசமா இருக்கு" என்கிறார். கைகளைத் திருப்பச் சொன்னேன். விரல் முட்டிகளுக்கு மேலே ஓடும் நாண்களிலும் சிறு சிறு முடிச்சுகள். அதை யாராவது கேட்டிருந்தால் கத்தி பிடித்த தழும்பு என்று சொல்லியிருப்பார், அவர்களும் நம்பியிருப்பார்கள். கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் வேறு. அறுபது எழுபது வயதில் அந்த வளையம் இருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன், 45க்கு முன்னால் இருந்தால் அது பேசுகிறது.

நாணுக்குள் கொழுப்புப் படிந்து வரும் இந்தக் கட்டிக்கு ஸான்தோமா என்று பெயர். இமையில் வரும் மஞ்சள் திட்டு கொலஸ்ட்ரோல் சரியாக இருக்கிறவர்களுக்கும் வரலாம். குதி நாணில் கட்டி என்றால், மிக அபூர்வமான ஒன்றிரண்டு நோய்களை விட்டுவிட்டால், பரம்பரைக் கொலஸ்ட்ரோல் என்றே எடுத்துக்கொள்ளலாம். நோர்வேயில் கார்ல் முல்லர் என்ற மருத்துவர் 1938இலேயே இந்த மூன்றையும் கோத்துவிட்டார்: நாணில் கட்டி, இரத்தத்தில் கொழுப்பு, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு. எனக்கு அது தெரியும், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வெளிநோயாளர் பிரிவில் யாரும் யாருடைய பூட்ஸையும் கழற்றச் சொல்வதில்லை.

மாரடைப்பு வந்து ஒரு நாளுக்குள் இரத்தம் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கொலஸ்ட்ரோல் தானாகவே இறங்கிச் சில வாரங்கள் பொய்யாகத் தாழ்ந்து கிடக்கும். நல்ல வேளையாக எடுத்திருந்தோம். மொத்தம் 412, குழாயில் படிகிற கெட்ட கொலஸ்ட்ரோலான எல்.டி.எல் 338, நல்லது எனப்படும் எச்.டி.எல் 36, ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு கொழுப்பு 190. எல்லாம் ஒரு டெசிலீட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. தைராய்டு சரி, சிறுநீரில் புரதம் இல்லை, ஈரல் சரி, சீனி சரி. அதாவது வேறொரு நோயின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த கொலஸ்ட்ரோல் இல்லை இது. பரம்பரைக் கொலஸ்ட்ரோலைக் கண்டுபிடிக்க டச்சுக்காரர்கள் வைத்திருக்கும் புள்ளி முறையில் போட்டுப் பார்த்தேன்: எல்.டி.எல் 330க்கு மேல் என்பதற்கு 8, நாண் கட்டிக்கு 6, இளவயது மாரடைப்புக்கு 2, தகப்பனார் 44 வயதில் திடீரென்று இறந்ததற்கு 1. மொத்தம் 17. எட்டைத் தாண்டினாலே நிச்சயம் என்று அர்த்தம். மரபணுப் பரிசோதனை செய்யவில்லை. அதற்குக் காசும் இல்லை, செய்திருந்தாலும் கொடுக்கிற மருந்து மாறியிருக்காது.

தகப்பனார் கதையைச் சொல்ல வேண்டும். அவரும் கவ்வாத்துக்காரர்தான். வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். முனி அடித்துவிட்டது என்று முடிவாகி, விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டார்கள், இன்றைக்கும் அந்த மலைக்கு ஆள் இறங்கும்போது அங்கே கற்பூரம் எரிகிறது. கல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வயதை மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன்.

இனிமேல்தான் நான் இடறிய இடம். பரம்பரை நோய் என்றால் இரத்த சொந்தங்களைப் பார்க்க வேண்டும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. தகப்பனார் இல்லை, ஆகவே தாயாரைக் கூப்பிட்டோம். அவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரோல் 318 வந்தது. எனக்குப் போதுமாக இருந்தது. கிளினிக் கொப்பியில் "தாய் வழி" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். தாய்மாமன் இருவரை மஸ்கெலியாவிலிருந்து வரவழைத்து இரத்தம் எடுத்தோம், இருவருக்கும் சாதாரணமாக இருந்தது. சரி, பாதி வாய்ப்புத்தானே, தப்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இதற்கிடையில் லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது, இது மாமியார் கொண்டுவந்த சீதனம் என்று. அந்த அம்மா இரண்டு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு அடிக்கோட்டுக்கு அவ்வளவு வேலை இருக்கிறது.

ஆறாம் வாரக் கிளினிக்குக்கு அவர் மனைவியோடு வந்தார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஏழு வயது மகளும் கூட வந்திருந்தாள். அப்பாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தபோது பாவாடை கொஞ்சம் மேலே ஏறியது. இரண்டு முழங்காலிலும் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த தடிப்புகள், முழங்கையிலும் அப்படியே. விரல்களை விரிக்கச் சொன்னேன். விரலிடுக்குச் சவ்வில் மஞ்சள் படிவு. என் கை கொஞ்சம் நடுங்கியது உண்மை, ஏனென்றால் அந்த இடத்தில் அந்த நிறம் வருவது ஏறத்தாழ ஒரே ஒரு காரணத்தால்தான். "அது பாலுண்ணிங்க சேர், சுண்ணாம்பு வச்சுப் பார்த்தோம், போகல" என்றார் தாய்.

பிள்ளையின் எல்.டி.எல் 612.

இந்த எண் ஒரு பிரதிப் பிழையால் வராது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கெட்டிருந்தால் தகப்பனைப் போல, அப்படிப்பட்டவர்கள் உலகத்தில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர், நாம் நினைக்கிறதைவிட நிறையவே. இரண்டும் கெட்டிருந்தால் இந்தப் பிள்ளையைப் போல, அது சில இலட்சம் பேருக்கு ஒருவர். அப்படியானால் தாயிடமும் இருந்தே ஆக வேண்டும். அவருக்கு எடுத்தோம்: எல்.டி.எல் 248. கொழுந்து பறிக்கிற 31 வயதுப் பெண், ஒரு தொந்தரவும் இல்லை, குதிகாலைத் தடவினால் தடிப்பு லேசாகத் தட்டுப்படும், அவ்வளவுதான். புள்ளி முறைப்படி இவருக்கு 5தான், "இருக்கலாம்" என்கிற வகை. பிள்ளையின் முழங்காலோ சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. சிட்டோஸ்டெரோலீமியா என்று ஒரு நோயிலும் சிறு பிள்ளைகளுக்கு இப்படிக் கட்டி வரும், ஆனால் அதில் பெற்றோரின் கொலஸ்ட்ரோல் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். இங்கே இரண்டு பேருக்கும் ஏறியிருக்கிறது.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை ஆறு வாரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவன் நான், நானும் லயத்தில் பிறந்தவன்தான்.

"அத்தை மகதாங்க சேர்" என்றார்.

அத்தை என்றால் தகப்பனின் கூடப்பிறந்தவர். கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவான இரத்தம் தகப்பன் வழித் தாத்தா பாட்டியில்தான் சேருகிறது. தாயார் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை! அப்படியானால் அவருடைய 318 எங்கிருந்து வந்தது? அன்று மாலையே அவரை மறுபடி கூப்பிட்டு முதல் தடவை பார்க்காத மாதிரி பார்த்தேன். ஊதிய முகம், கரகரத்த குரல், இரண்டு ஸ்வெட்டர், மலச்சிக்கல், மெதுவான நாடி. குளிர் தேசத்தில் யார் ஸ்வெட்டர் போட்டாலும் நமக்குத் தோன்றாது. தைராய்டு சுரப்பி படுத்துவிட்டிருந்தது, அது படுத்தால் ஏறுகிற டி.எஸ்.எச் 60க்கு மேல். தைராய்டு குறைந்தால் ஈரல் எல்.டி.எல்லை உள்ளே எடுப்பதும் குறையும், கொலஸ்ட்ரோல் ஏறும். தைரொக்ஸின் கொடுத்து நான்கு மாதத்தில், கொலஸ்ட்ரோல் மாத்திரை ஒன்றும் இல்லாமலே, 318 என்பது 204 ஆனது. ஒரே வீட்டில் மகனுக்குப் பரம்பரையில் வந்தது, தாய்க்கு நடுவில் வந்து சேர்ந்தது, நான் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தேன். மகனுக்குச் செய்த தைராய்டுப் பரிசோதனையைத் தாய்க்குச் செய்ய எனக்குத் தோன்றாமல் போனதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது. லயத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும், அம்மா வழியாக இது வரவில்லை, நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தார், இனிப்பு கூடுதலாக இருந்தது.

அவர்களுக்கு நோயை விளக்க நான் பறித்த கொழுந்தை எடை போடும் கொட்டகையான கொழுந்து மடுவத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். எல்.டி.எல் என்பது கொழுந்துச் சாக்கு, ஈரல்தான் மடுவம், சாக்கை நிறுத்து உள்ளே இழுக்கிறவர்கள்தான் ரிசெப்டர். உங்கள் இரண்டு பேருடைய மடுவத்திலும் பாதி ஆள் வேலைக்கு வரவில்லை, சாக்கு வெளியே கிடந்து அவிந்து வீணாகிறது, அந்த வீண்தான் குழாயில் படிகிறது. பிள்ளையின் மடுவத்தில் ஏறத்தாழ ஆளே இல்லை. அமெரிக்காவில் டல்லஸ் நகரில் பிரவுண், கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் 1970களில் இந்தப் பிள்ளையைப் போன்ற பிள்ளைகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்துத்தான் இந்த ரிசெப்டரையே கண்டுபிடித்தார்கள், 1985இல் நோபல் பரிசும் வந்தது. ஸ்டாட்டின் மாத்திரை என்ன செய்கிறதென்றால், ஈரல் தானே கொலஸ்ட்ரோல் செய்வதைத் தடுத்துவிடும். ஈரல் தட்டுப்பாட்டில் பயந்து இன்னும் நிறைய ரிசெப்டரை வாசலில் நிறுத்தும். பாதி ஆளாவது நல்ல ஆளாக இருந்தால் இது வேலை செய்யும். எல்லா ஆளும் கைவராத ஆள் என்றால் எத்தனை பேரை நிறுத்தி என்ன?

தகப்பனுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 கொடுத்து எல்.டி.எல் 338இலிருந்து 171க்கு வந்தது. குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சுவதைத் தடுக்கும் எஸெடிமைப் 10 சேர்த்ததும் 138. மாரடைப்பு வந்தவருக்கு 55க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. ரிசெப்டரை அழிக்கிற பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி 2015இலிருந்து உலகத்தில் இருக்கிறது, ஆனால் கவ்வாத்துச் சம்பளத்தில் அதைப் பற்றிப் பேசுவதே கேலி. ஆக 138இல் நிற்கிறோம்.

நடுவில் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு காரணம், கிளினிக் நாள் என்றால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும், அரைப்பேர் கூடக் கிடைக்காது. அதற்காக இரண்டு மாத மருந்தை ஒரே தடவையில் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். இன்னொரு காரணம், இங்கிலீஷ் மருந்து நாள்பட்டால் ஈரலைத் தின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டினேன், அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்துச் சலித்து, கடைசியில் கியோட்டோவில் அரிசியில் பிடித்த நீலப் பூஞ்சையிலிருந்துதான் 1973இல் முதல் ஸ்டாட்டினை எடுத்தார் என்று சொன்னேன். "அப்ப பூஞ்சணம் புடிச்ச அரிசியா சேர் இது" என்று சிரித்தார். ரிப்போர்ட்டைவிட அரிசிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு மாத்திரை தவறவில்லை.

பிள்ளை விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பதின்ம வயதிலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, மாரடைப்பு வரும், மகாதமனி தொடங்கும் வால்வும் சுருங்கும். இதய ஸ்கானான எக்கோவில் பார்த்தால் வால்வில் லேசான தடிப்புத் தொடங்கியிருக்கிறது. ரோசுவாஸ்டாட்டினும் எஸெடிமைப்பும் சேர்த்து 612 என்பது 455க்கு வந்தது, ரிசெப்டர் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது என்று அதைப் படித்துக்கொண்டோம். அதற்கு மேல் இறக்க இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு எல்.டி.எல்லை வடித்தெடுக்கும் முறை வேண்டும், அதுவும் வாரத்துக்கு அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆயுள் முழுக்க. அது இல்லாத இடத்தில் பிளாஸ்மா மாற்றுகிறார்கள். கண்டிச் சிறுவர் இதயப் பிரிவோடு அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஈரல் மாற்றினால் நோயே மாறும். 1984இல் பிட்ஸ்பர்கில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தையும் ஈரலையும் சேர்த்து மாற்றினார்கள், அவளுடைய கொலஸ்ட்ரோல் மளமளவென்று இறங்கியது. அவளுக்கும் இதே நோய். அந்த வாசலும் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு, பிள்ளையை அதற்கு அனுப்புவது வேறு. நான் இன்னும் தாயிடம் முழுதாகச் சொல்லவில்லை.

சாப்பாடு பற்றிக் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு நோய் என்று தெரிந்த மறுநாளே முட்டையை நிறுத்தினார்கள், பாலை நிறுத்தினார்கள், மீனையும் நிறுத்தினார்கள், வெறும் ரொட்டியும் சாயத் தேத்தண்ணியும். 17 கிலோப் பிள்ளை ஒரு கிலோ இறங்கிப் போனாள். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 17 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள் என்றால், தோட்டப் புறத்தில் அது ஏறத்தாழ 32 சதவீதம். அப்படிப்பட்ட இடத்தில் 612க்குப் பயந்து மீனைப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தேங்காய் எண்ணெயைக் குறைக்கச் சொன்னேன், ரொட்டி மாவில் போடும் தேங்காயைப் பாதியாக்கச் சொன்னேன், மீன், பருப்பு, கீரை, வாரத்தில் சில முட்டை வெள்ளைக்கரு. இதெல்லாம் செய்தாலும் எல்.டி.எல் கொஞ்சம்தான் இறங்கும். இந்த நோய் தட்டில் தொடங்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துச் சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டு, தகப்பன் வழிச் சொந்தம் 16 பேருக்கு இரத்தம் எடுத்தோம். லயம் என்பது ஒரு வசதி. வம்சக் கொடியைத் தாளில் வரைய வேண்டியதில்லை, காம்பரா காம்பராவாக நடந்தால் போதும், தாத்தா வீடு, சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று வரிசையாக இருக்கும். வெறும் வயிறு வேண்டாம் என்று சொல்லியிருந்தோம், எல்.டி.எல்லுக்கு அது பெரிதாகத் தேவையில்லை. ஆறு பேருக்கு இருந்தது. அவர்களில் 61 வயது அத்தையும் ஒருவர், அதாவது அவருடைய மாமியார், மனைவியைப் பெற்றவர். இழுப்பு என்று நான்கு வருடமாகப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தவர், மேடு ஏறும்போது வந்த அந்த மூச்சிரைப்பு உண்மையில் இதயத்தினுடையது.

அத்தையின் மகன், மச்சான்காரர், தனிக்கதை. அவருடைய இரத்தத்தைக் குழாயில் விட்டுச் சற்று நேரத்தில் மேலே பால் திரண்டதுபோல வெள்ளை. ட்ரைகிளிசரைட் 1,480. இவ்வளவு இருந்தால் எல்.டி.எல்லைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது, 400ஐத் தாண்டினாலே அந்தச் சூத்திரம் உளறும். எனக்கும் உடனே, இதோ ஏழாவது ஆள் என்று வாய் வரை வந்தது, தாயார் விஷயம் நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டேன். சீனி 280, பின்னேரம் ஆனால் கசிப்பு என்ற கள்ளச் சாராயம். அல்சர் என்று இரண்டு தடவை வயிற்று வலியில் வார்டில் கிடந்திருக்கிறார், ட்ரைகிளிசரைட் ஆயிரத்தைத் தாண்டினால் கணையம் வெந்துபோகலாம் என்பதால் அந்த வலி அதுவாகத்தான் இருந்திருக்கும். சீனிக்கு மருந்து கொடுத்தோம், குடியை விட்டார், அதாவது பெரும்பாலும் விட்டார். மூன்று மாதத்தில் ட்ரைகிளிசரைட் 290, எல்.டி.எல் 121. அக்காவுக்கு வந்த பரம்பரை இவருக்கு வரவில்லை, இவருடையது இவரே சம்பாதித்தது.

தம்பதிக்கு மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறான், எல்.டி.எல் 104. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அது, அவனுக்கு விழுந்திருக்கிறது. இன்னொரு பிள்ளை பற்றி மனைவி கேட்டார். அதே நான்கில் ஒரு பங்கு மகளைப் போலவும் விழலாம் என்று சொன்னேன். அப்படி நினைத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கர்ப்பத்துக்கு முன் உங்கள் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

வம்சக் கொடியில் ஒரு கிளை பாதியில் நிற்கிறது. தாத்தாவின் தம்பி குடும்பம், மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறியது, தமிழ்நாட்டில் நீலகிரிக் கூடலூர் பக்கம் தேயிலையிலேயே மறுபடி குடியேறினார்கள். கல்யாணம் கருமாதிக்குச் செய்தி மட்டும் வரும், இப்போது வாட்ஸ்அப். மனைவி தன் கணவனின் குதிகாலைப் படம் எடுத்து, இந்த மாதிரி அங்கே யாருக்காவது இருக்கிறதா என்று குரல் பதிவோடு அனுப்பியிருக்கிறார். நான் சொல்லிச் செய்யவில்லை, அவராகவே.

போன கிளினிக்கில் போனை என்னிடம் நீட்டினார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்திருக்கிறது. ஒரு சிமெண்டுத் திண்ணை, அதில் நீட்டிய ஒரு கால், குதிக்கு மேலே அதே எலுமிச்சம்பழம். கீழே எழுதியிருந்தது: "பெரியவனுக்கு. செருப்பு கடிச்சதுன்னு சொல்றான், வயசு 29."